மீன்தொட்டிக் குழாயும் நைனாவின் முறையும்

என் வீட்டு மீன்தொட்டியின் குழாய்ச் சத்தம் அப்பாவுக்கு ஆகவில்லை என்று என்னிடம் சொன்னவன் என் அண்ணன். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டே சொன்னான். எச்சிலைத் துப்பிவிட்டு, முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னான். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் திருப்புலிவனத்தில் எங்கள் வீடு. அம்மா போன பிறகு ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை உட்காரவைத்துப் பாகம் பிரித்தோம். வீட்டின் நடுவே செங்கல் சுவர் எழுப்பி, கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி எனக்கு என்றார்கள். நிலம் மூன்று பங்கு: அண்ணன், நான், அப்பா. கிணறும் அதிலிருந்த கரண்ட் மோட்டாரும் பொது. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் என் முறை, அதற்கு மறுநாள் அப்பா முறை. அப்பா யார் வீட்டில் சாப்பிடுகிறாரோ அவர்தான் அப்பாவின் பங்கு நிலத்தைப் பயிர் வைக்க வேண்டும், அப்பாவின் முறைத் தண்ணீரையும் பாய்ச்சிக்கொள்ளலாம். தை முதல் ஆனி வரை என் வீடு, ஆடி முதல் மார்கழி வரை அண்ணன் வீடு. அப்படித்தான் பேச்சு.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வீட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. இளையவன் நைனாவிடம் நேராகப் பேசமாட்டான். சொல்ல வேண்டியதை அண்ணனிடம் சொல்வேன், அவன் போய் நைனாவிடம் சொல்வான். நைனாவின் பதிலும் அவன் வாய் வழியாகத்தான் வரும். பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு வேண்டும் என்றாலும் அந்த வழிதான். பார்த்த பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதும் அந்த வழிதான். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படி நடந்ததால் அப்படியே நடந்தது. நானோ எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன், நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவன். எனக்கு அந்தப் பழக்கம் வசதியாகவே இருந்தது. கடையில் சரக்கு எடுத்துக் கொடுப்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். உத்திரமேரூர் பஜாரில் ஒரு பைப் கடையில் பாதி நாள் வேலை செய்தேன். மீதி நேரம் கழனி.

மீன்தொட்டி வந்த கதையைச் சொல்ல வேண்டும். பஜாரில் இருந்த போட்டோ ஸ்டூடியோவின் முன்னறையில் இரும்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. கடையை மூடிக்கொண்டு போனவர், பக்கக் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டிருந்ததால் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார். நான் எடுத்துவந்தேன். காஞ்சிபுரத்துக் கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி வெட்டி, பூசி, தண்ணீர் நிரப்பினேன். மெட்ராஸ் போயிருந்தபோது தங்கமீன் வாங்கிவந்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. மாற்ற மாற்ற மீன் செத்தது. மாற்றாவிட்டால் தண்ணீர் சோற்றுக் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. அடுத்த தடவை மெட்ராஸில் மீன் விற்பவர் ஒருவர் தன் தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். மேல்தொட்டித் தண்ணீர் ஒரு ஓட்டை வழியாக வழிந்து, குழாயில் இறங்கி, கீழே ஜல்லியிலும் அடுப்புக்கரியிலும் ஊறி, சின்ன மோட்டாரால் மறுபடி மேலே ஏறியது. தண்ணீர் பளிச்சென்று இருந்தது. ஏர்கூலரில் போடுகிற மோட்டார்தான் அது. அதே மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கண்ணாடியில் மேல் மூலையில் ஓட்டை போடச் செய்து, பி.வி.சி. குழாய் மாட்டி, கீழே சிமெண்டுத் தொட்டி கட்டி, ஸ்விட்சைப் போட்டேன். மீன்கள் சுகமாக நீந்தின. சத்தம்தான் வீட்டைத் தூக்கியது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? மேலே ஓட்டை வாயில் தண்ணீரும் காற்றும் சேர்ந்து உள்ளே போகும்போது சொர்ரென்று உறிஞ்சும். நேராக நின்ற குழாயில் அது இறங்கும்போது களக் களக் என்று விழுங்கும். கீழே விழும் இடத்தில் சடசடவென்று அடிக்கும். தொட்டி இருந்தது நடுச்சுவரை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டுக் கூடம்.

முதல் நாளே அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, வூட்டுக்குள்ளயே ஏரி மதகத் தொறந்து உட்டுட்டியா?" என்று சிரித்தாள்.

எதிர்வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். "ராவெல்லாம் எவனோ நின்னுக்கினு ஒண்ணுக்குப் போற மாரியே கீதுப்பா. கேட்டுக் கேட்டு எனுக்கும் வருது."

இதெல்லாம் கேலி. கேலியை நான் பொறுத்துக்கொள்வேன். தை பிறந்து, நைனா என் வீட்டுக்கு வர வேண்டிய நாள் வந்தபோதுதான் அண்ணன் வேப்பங்குச்சியோடு வந்து அதைச் சொன்னான்.

"நைனா அந்த வூட்டுக்கு வரமாட்டேன்றாரு. அந்தச் சத்தத்துல எப்டிடா கண்ண மூடறதுன்றாரு. சுவத்துக்கு இந்தாண்ட இருந்தே தூக்கம் இல்லியாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தொட்டிய எடுத்துடறேன்னு சொல்லுண்ணா. இன்னிக்கே எடுத்துடறேன்."

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். யோசித்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அவன் நைனா சொன்னதை நினைவுபடுத்திப் பார்க்கிறான் என்றே நினைத்தேன்.

"எடுக்க வாணாம்னாரு. புள்ள ஆசைப்பட்டு வெச்சிக்கினு கீறான், அவன் ஆசைய நான் எதுக்குக் கெடுக்கணும்னாரு. சத்தம் வராத மாரி பண்ணச் சொல்லு, நின்னதும் வரேன்னாரு."

என் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று நைனா சொன்னாராம். அன்று முழுக்க அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். செருப்பு கேட்டபோதும் பெண் பார்த்தபோதும் என் ஆசையைப் பற்றி நைனா ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு வந்து சேர்ந்ததில்லை. கடையில் ஒருவர் அரை இஞ்ச் கேட்டதற்கு முக்கால் இஞ்ச் எடுத்துக் கொடுத்தேன். அந்த வாக்கியத்துக்காகத்தான் தையும் மாசியும் முழுக்கக் குழாயோடு மல்லுக்கட்டினேன். இதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது. அவன் என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

முதலில் கீழே சடசடப்பதை நிறுத்தப் பார்த்தேன். குழாயை நீட்டி வாயைத் தண்ணீருக்குள் முக்கினேன். சடசடப்பு நின்றது. ஆனால் குழாயோடு இறங்கிய காற்று வெளியேற வழியில்லாமல் குபுக் குபுக் என்று கொப்பளித்தது. எருமை குட்டையில் மூச்சு விடுகிற மாதிரி. குழாயைக் கொஞ்சம் மேலே தூக்கி, வாய் தண்ணீரில் பட்டும் படாமலும் இருக்கும்படி சாய்வாக அறுத்ததும் அது அடங்கியது.

அடுத்தது களகளப்பு. குழாய் செங்குத்தாக நின்றால் தண்ணீர் நடுவில் விழுந்துகொண்டே போகும். சரிவாக இருந்தால் குழாயின் ஒரு பக்கத்தை ஒட்டிக்கொண்டு வழுக்கிப் போகும். கடையில் அரைவளைவுகள் இரண்டு எடுத்துவந்து, குழாயைச் சாய்த்துப் போட்டேன். நல்ல வித்தியாசம் தெரிந்தது.

என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "மீனுக்கு இத்தினி வேல பாக்கறீங்க. அடுப்பங்கரையில ஒரு பலகை அடிச்சித் தாங்கன்னு கல்யாணம் ஆன நாள்லருந்து கேட்டுக்கினு கீறேன்."

"நைனா வரணும்ல?"

"மாமா வரட்டும். எனுக்கு இன்னா கஷ்டம்? அவரு பலகையும் கேக்கமாட்டாரு, மீனும் கேக்கமாட்டாரு. கஞ்சி குடுத்தாப் போதும்."

மேல்வாயின் உறிஞ்சல்தான் கடைசிவரை உயிரை வாங்கியது. வாய் மேல்மட்டத்தில் இருப்பதால்தானே காற்றை இழுக்கிறது என்று, தொட்டிக்குள் ஒரு வளைவைக் கீழ்நோக்கி மாட்டினேன். இப்போது அது காற்றே இழுக்கவில்லை. குழாய் முழுக்கத் தண்ணீராக நிரம்பி, ஒரே இழுவையாக இழுத்தது. சத்தமே இல்லை. நான் மனைவியைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் மேல்தொட்டியின் தண்ணீர் மளமளவென்று இறங்கி, வளைவின் வாய் வெளியே தெரிந்து, கொர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், கட்டிப்போட்ட ஆடு கத்திவிட்டது. பிறகு மறுபடி நிரம்பியது, மறுபடி இழுத்தது, மறுபடி கொர்ர்ர்.

காற்று வேண்டும், ஆனால் அளவாக வேண்டும் என்று புரிந்தது. வெளியே குழாய் திரும்பும் இடத்தில் மூன்று வாய் உள்ள ஒரு டீ இணைப்பைப் போட்டு, அதன் மேல்பக்கத்தை மூடியால் அடைத்து, மூடியில் ஆணியைச் சுடவைத்து ஓட்டை போட்டேன். ஓட்டை பெரிதானால் உஸ்ஸென்று சீறியது. சிறிதானால் மறுபடி கொர்ர்ர். எத்தனை மூடியை வீணாக்கினேன் என்று கடை முதலாளிக்குத் தெரியும், கேட்டால் இன்றும் திட்டுவார்.

இதற்கு நடுவில்தான் வெள்ளம் வந்தது. நான் கடைக்குப் போயிருந்தபோது கரண்ட் போனது. மோட்டார் நின்றதும், மேலே தண்ணீர் ஏற்றும் ரப்பர் டியூப் தன் வேலையைத் திருப்பிச் செய்ய ஆரம்பித்தது. டியூபின் நுனி மேல்தொட்டியில் ஆழமாக முங்கியிருந்தது. அது தண்ணீரைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது. சிமெண்டுத் தொட்டி நிரம்பி வழிந்து, சுவரின் அடியில் ஊறி, அந்தப் பக்கம் அண்ணன் அடுக்கி வைத்திருந்த விதை வேர்க்கடலை மூட்டைகளை நனைத்துவிட்டது.

நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் அண்ணன் வாசலில் நின்று கத்தினான். தெருவே கேட்டது.

"விதைக் கடலடா! முளைக்கப் போட்டுட்டியேடா வூட்டுக்குள்ளயே! நாலு மீன வெச்சிக்கினு ஊரையே பேஜார் பண்ணிக்கினு கீறான் பாரு! உனுக்கெல்லாம் எதுக்குடா குடும்பம்?"

மூட்டைகளைத் தூக்கிவந்து என் பக்கத்து வாசலில் கொட்டிக் காயவைத்தேன். நைனா கிழக்குப் பக்க வாசலில் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்தபோது பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சத்தத்தால் அவருக்கு என்மேல் எரிச்சல் என்று நினைத்தேன். இன்னும் வேகமாக முடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ரப்பர் டியூபில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஊசியால் ஒரு துளை போட்டேன். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் அதில் காற்று புகுந்து இழுவை அறுந்துபோகும். வெள்ளம் இனி வராது. மூடியின் ஓட்டைக்குத்தான் வழி தெரியவில்லை. அந்த வாரம் என் மனைவியின் சித்தி உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பார்க்கப் போனபோது குளுக்கோஸ் ஏறும் டியூபைப் பார்த்தேன். அதில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். உருட்டினால் சொட்டு கூடும், குறையும். நோயாளியை விட்டுவிட்டு அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சித்தி, "இன்னா மாப்ள, எம்மேல இம்மாம் பாசமா?" என்றாள். நர்சம்மாவிடம் தூக்கிப்போடப்போகும் டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அந்த டியூபை மூடியில் சொருகி, நுனியை மேலே விட்டு, சக்கரத்தை மெதுவாக உருட்டினேன். சீறல் குறைந்தது. இன்னும் கொஞ்சம். உறிஞ்சல் நின்றது. இன்னும் ஒரு துளி. மேல்தொட்டியில் மட்டம் அசையாமல் நின்றது. குழாயில் தண்ணீர் ஓடுகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

மனைவி அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தாள். "கரண்ட் போச்சா?"

"இல்ல. ஓடிக்கினு கீது."

அவள் குனிந்து குழாயில் காதை வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அட," என்றாள். அந்த ஒரு சொல் எனக்குப் போதும். அடித்துப் பிடித்துக்கொண்டு அண்ணனிடம் போனேன்.

அண்ணன் வந்தான். தொட்டிக்கு முன்னால் நின்றான். அப்போது பங்குனி வெயில். நைனாவின் பங்கு நிலத்தில் அவன் நவரைப் பட்டத்து நெல் வைத்திருந்தான். கதிர் வாங்கும் நேரம், தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் பதராகிவிடும். இதையெல்லாம் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன்.

"சத்தம் நின்னுச்சி," என்றான். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினான். "ஆனா வாட கீதேடா. மீன் கவுச்சி. நைனாவுக்கு அதுவும் ஆவலன்னு சொல்லிக்கினு இருந்தாரு."

"அப்ப அத ஏன் முன்னியே சொல்லல?"

"சொல்லச் சொன்னாத்தான சொல்லுவேன்?"

எனக்குத் தலைக்கு ஏறியது. ஆனாலும் என் வாயில் வந்தது, "கரிய மாத்திப் போட்டா வாட போயிடும்ணா," என்பதுதான். அப்படிப்பட்டவன் நான். இன்னும் ஒரு மாதம் கரியோடு மாரடித்திருப்பேன்.

என் மனைவிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவள் பிறந்த வீட்டில் பெண்கள் அப்பாவோடு உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே சண்டை போடுவார்கள். அண்ணன் கிணற்றுக்குப் போனதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கிழக்கு வாசலுக்குப் போனாள். நான் வாசல்படியில் நின்றேன்.

"மாமா, சத்தம் நின்னுப்போச்சி. கரியும் மாத்திடுவாரு. எப்ப வர்றீங்க? உங்க புள்ள ரெண்டு மாசமா சரியா சோறு துன்னல."

நைனா தலையைத் தூக்கினார். "இன்னா சத்தம்?"

"மீன்தொட்டிச் சத்தம் மாமா. உங்களுக்குத் தூக்கம் வரலன்னீங்களாமே."

"நானா சொன்னேன்? அது பாட்டுக்கு ஓடிக்கினு கெடந்துது. எனுக்கு இன்னா?" நைனா என்னைப் பார்க்காமல் அவளையே பார்த்துச் சொன்னார். "உன் வூட்டுக்காரந்தான் வர வாணாம்னுட்டானாமே. தொட்டி வெச்ச எடத்துல கட்டில் போட முடியாது, அத எடுக்கமாட்டேன்னு சொன்னானாம். பெரியவன் வந்து சொல்லிட்டு அழுவாத கொறைதான். சரி, அவன் ஆசைக்கு மீன வெச்சிக்கட்டும்னு உட்டுட்டேன்."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாசல்படியில் கையில் அந்தச் சக்கர டியூபின் மிச்சத் துண்டோடு நின்றிருந்தேன்.

என் பக்கம் ஒரு பொய், நைனா பக்கம் ஒரு பொய். நடுவில் அவன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்கமாட்டோம் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் வேறு வேறு கதையைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் பல் துலக்கியிருக்கிறான்.

நான் கிணற்றுக்கு நடந்தேன். ஓடினேனா என்று தெரியாது. அன்று நைனாவின் முறை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் கொட்டகைக்குள் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். வாய்க்காலில் தண்ணீர் இளைத்து நின்றது. அண்ணன் வரப்பின் மேல் மண்வெட்டியோடு வந்தான்.

"எவன்டா நிறுத்தனது?"

"நான்தான்."

"பைத்தியமா உனுக்கு? கரண்ட் இருக்கும்போதே பாய்ச்சணும்டா!"

"நைனாகிட்ட நீ இன்னா சொன்ன?"

அவன் மண்வெட்டியை ஊன்றினான். "நைனாகிட்ட பேசினியா நீ?"

அவன் கேட்டது அதுதான். அவன் முகத்தில் பயம் வரும் என்று நினைத்தேன். வந்தது ஆச்சரியம். சுவர் பேசியதைக் கேட்டவன் மாதிரி நின்றான். அந்த ஆச்சரியத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே வெறி வந்தது.

"உன் நல்லதுக்குத்தான்டா சொன்னேன்," என்றான் பிறகு. "பெரியவர வெச்சிப் பாக்க உனுக்குத் தெரியுமா? எதுத்தாப்புல வந்து நின்னா தல குனிஞ்சிக்கற ஆளு நீ. நீயும் மீனும்தான் ஒருத்தருக்கொருத்தர் லாயக்கு. ரெண்டும் வாயத் தொறக்குங்க, சத்தம் வராது."

பக்கத்து வரப்பில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்குச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. விதைக் கடலைக்காகத் தெருவில் நான் வாங்கிய வசவு, என் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று அவன் இட்டுக்கட்டிய வாக்கியம், நைனா திருப்பிக்கொண்ட முகம். ஒன்றுகூட வெளியே வரவில்லை. வந்தது வேறு.

"மண்வெட்டிய வெச்சிட்டு வா. கட்டில் தூக்கணும்."

"இன்னா?"

"நைனா கட்டிலு. நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். வா."

வருவானா என்று எனக்குத் தெரியாது. களை எடுத்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். அப்பன் கட்டிலைத் தூக்கமாட்டேன் என்று நாலு பேருக்கு முன்னால் அவனால் சொல்ல முடியவில்லை. வந்தான். கட்டிலின் தலைமாட்டை அவன் பிடித்தான், கால்மாட்டை நான் பிடித்தேன். நைனா தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். அண்ணி கதவோரத்தில் நின்று பார்த்தாள். தொட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டோம். இடம் தாராளமாக இருந்தது.

அண்ணன் போன பிறகு நைனா கட்டிலில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தார். மீன்கள் அவர் பக்கம் வந்து வாயைத் திறந்து மூடின. என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"நீயாவது வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல," என்றார். அவளிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

அதற்குள் என் கோபம் ஆறியிருக்கும் என்று நினைப்பீர்கள். ஆறவில்லை. அண்ணன் பொய் சொன்னான், சரி. நைனா அதை நம்பினார். பெற்ற பிள்ளை, தகப்பனைவிடத் தங்கமீன் பெரிது என்று சொல்லியிருப்பான் என்று நம்பி, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தார். நான் தினமும் அவர் முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். ஒரு நாள், டேய் இங்க வாடா, நீ அப்படிச் சொன்னியா என்று கேட்கவில்லை.

"நீங்க என்னக் கூப்ட்டுக் கேட்டிருக்கலாமே நைனா," என்றேன்.

நான் அவரிடம் நேராகச் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அதுதான். குரல் கம்மிப்போய் அசிங்கமாக வந்தது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொம்பை எடுத்து, காலி என்று தெரிந்தும் ஒரு தடவை உள்ளே பார்த்தார். பிறகு, "இதுங்க இன்னா துன்னும்?" என்று கேட்டார். வேர்க்கடலைப் புண்ணாக்கைப் பொடித்துப் போடுவேன் என்றேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். எனக்கு அது போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் நைனா என் வீட்டில் இருந்தார். அண்ணன் வைத்திருந்த நெல்லை நான் காயவிடவில்லை. அறுப்பு முடிகிற வரைக்கும் நைனாவின் முறைத் தண்ணீர் அதற்கே போகட்டும் என்று எதிர்வீட்டுக்காரர் மூலம் அவனுக்குச் சொல்லி அனுப்பினேன். பயிர்மேல் எனக்கு என்ன கோபம்? அவனோடு மட்டும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. அண்ணி மட்டும் நடுவில் ஒரு தடவை வந்து, நைனாவுக்கு என்று கூழ் வைத்துவிட்டு, தொட்டியைப் பார்த்து, "நெசமாவே சத்தம் இல்லியே," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை.

ஆடி முதல் தேதி காலையில் அண்ணன் என் வாசலுக்கு வந்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெளியிலேயே நின்றான்.

"டேய். ஆடி பொறந்துடுச்சி. எங்க முறை. நைனாவக் கெளம்பச் சொல்லு."

நான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தாமல் சொன்னேன். "உள்ளதான் கீறாரு. போயி நீயே கேளு."

"நீ சொல்லேன்டா. நான் வந்து நிக்கறேன்னு சொல்லு."

"நான் சொல்லமாட்டேன். அவர் சொல்றதயும் நான் வந்து உன்கிட்ட சொல்லமாட்டேன்."

உள்ளே நைனா இருமினார். கதவு திறந்துதான் இருந்தது. அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. அண்ணன் வாசல்படியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இரண்டு எட்டு வைத்தால் கட்டில். பங்குனியிலிருந்து அவன் நைனாவின் முகத்துக்கு நேராக நின்றதில்லை. நானும் அவனுக்கு வழிசெய்து கொடுக்கப் போவதில்லை. டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, பம்பைச் சுவரில் சாத்திவிட்டு, கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் திரும்பியபோது கட்டில் போட்ட இடத்திலேயே இருந்தது. நைனா அதில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நேரம் நின்னாரு உங்க அண்ணன்," என்றாள் மனைவி. "உள்ள வாங்கன்னு ரெண்டு வாட்டி கூப்ட்டேன். செருப்பக் கழட்டினாரு. மறுபடி மாட்டிக்கினு போயிட்டாரு."

நைனா இலையிலிருந்து தலையைத் தூக்கி என்னிடம் சொன்னார். "இன்னிக்கு என் முறைடா. துன்னுட்டுப் போயி மோட்டாரப் போடு."

சாப்பிட்டுவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டேன்.